மூணாம் நகலார் நிப்புத் தேடிய வரலாறு

“பேனாவா எழுதுது? கைதான் எழுதுது. ஒரு துடைப்பக் குச்சிய மையில நனைச்சுக் குடுங்க, அதுலயும் எழுதுவேன். பார்க்கிறவன் அச்சுல அடிச்சதுன்னு நினைப்பான்.”

பதிவகத்தின் இரண்டாம் மாடியில், வேலையில் சேர்ந்த முதல் நாள் காலையில், நின்றபடியே இந்தப் பிரகடனத்தை வெளியிட்டவர் மூணாம் நகலார். அப்போது அறையில் இருந்தவர்கள் கண்காணிப்பாளர் அம்மா, முத்திரைக்காரர், மேசை விசிறி. மூவரில் தலையாட்டியது விசிறி மட்டும்தான்.

பிரகடனத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதற்குச் சற்று முன்புதான் கண்காணிப்பாளர் அம்மா ஒரு தட்டில் சில மைப்பேனாக்களை அடுக்கி அவர் முன்னால் நீட்டியிருந்தார். ஊரில் யார் பிறந்தாலும், யார் யாரைக் கட்டிக்கொண்டாலும், யார் போய்ச் சேர்ந்தாலும் அந்தப் பதிவகத்தில் முதலில் கையால்தான் எழுத வேண்டும். அதுவும் அழியாத மையில், மைப்பேனாவில். பால்பாயின்ட் மை நாளடைவில் வெளுத்துவிடும் என்று எந்தக் காலத்திலோ எவரோ ஒரு விதி எழுதி வைத்தார். அதன்பிறகு கணினி வந்தது, கணினிக்குப் பழுது பார்க்கும் ஆள் வந்தார், அவரும் ஓய்வுபெற்றார். விதி மட்டும் வெளுக்கவே இல்லை.

“உங்க கைக்கு எது சௌகரியமோ அத எடுத்துக்கோங்க. அவசரம் இல்ல. நாள் முழுக்க எழுதற வேலை, சிலர் இதுக்கே ஒரு வாரம் யோசிப்பாங்க” என்றார் அம்மா.

யோசிப்பவர்கள் கை நடுங்குகிறவர்கள் என்பது மூணாம் நகலாரின் கருத்து. தட்டைப் பார்க்காமலே கையை நீட்டி, கையில் அகப்பட்டதை எடுத்தார். பிறகுதான் மேற்படி பிரகடனம்.

இப்படிப் பேச அவருக்குத் தகுதி இருந்ததா என்றால், இருந்தது. அந்தத் தகுதி தரைக்குக் கீழே, நகராட்சிக் கிடங்கில் சம்பாதித்தது. அங்கே ஒரு வாளி வெளியே போக வேண்டுமானாலும் சீட்டு எழுத வேண்டும். சீட்டுக்கு மூன்று தாள். இடையில் கார்பன். முதல் தாள் வாளியோடு போகும், இரண்டாவது கணக்குப் பிரிவுக்குப் போகும், மூன்றாவது புத்தகத்திலேயே தங்கும். மற்ற எழுத்தர்கள் எழுதிய மூன்றாவது தாளில் ஏதோ எழுதியிருப்பது போன்ற ஒரு சந்தேகம்தான் தெரியும். தணிக்கைக்கு வருகிறவர்கள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள், சாய்த்துப் பார்ப்பார்கள், கடைசியில் எழுத்தரின் முகத்தைப் பார்ப்பார்கள். நம் ஆளின் மூன்றாவது தாள் அப்படியல்ல. முதல் தாளைவிடக் கறுப்பாக இருக்கும். மூன்றாம் நகலே மூலமோ என்று மயங்கிய தணிக்கையாளர்கள் உண்டு. அப்போது கிடைத்த பெயர்தான் ‘மூணாம் நகல்’. வயது ஏற ஏற ஓர் ‘ஆர்’ தானாக வந்து ஒட்டிக்கொண்டது. கொடுத்தவர்கள் கேலியாகக் கொடுத்தார்கள். வாங்கியவர் கௌரவமாக வாங்கிக்கொண்டார். பெரும்பாலான பட்டங்களின் வரலாறு இவ்வளவுதான்.

பல வருடம் மூன்று தாளுக்கு எழுதிய கை எப்படி இருக்கும்? கட்டைவிரல் நகம் வெளுத்து, ஆள்காட்டி விரலின் கணு உள்பக்கமாக மடிந்து, நடுவிரலில் பேனா உட்காரும் இடத்தில் ஒரு நிலக்கடலை முளைத்திருக்கும். அவர் எழுதுவது விரலால் அல்ல, தோளால். எழுதத் தொடங்கினால் மேசை ஆடும். மேசைமேல் இருக்கும் தேநீரில் அலை எழும். மற்றவர்களின் பால்பாயின்ட் பேனா மை தீர்ந்து இயற்கையாகச் சாகும். அவருடையது உடல் வெடித்துச் சாகும்.

வீட்டில் இந்தக் கையின் வலிமையை நன்கு அறிந்தவர் அவர் மனைவி. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. விடிந்தும் விடியாமலும் போனால், இவர் மாலைமுறை வேலைக்காகக் கிடங்குக்குக் கிளம்பும் நேரத்துக்குத் திரும்புவார். ஒருவர் ஏற, ஒருவர் இறங்க, மாடிப்படியில் சந்திப்பு. மிச்சக் குடும்பம் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய குறிப்புகளில் நடந்தது. இவர் எழுதிய குறிப்பைக் கிழித்த பிறகும் அடுத்தடுத்த தாள்களில் அது மேடுபள்ளமாக நிற்கும். ஒருமுறை மனைவி அதே தாள்கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து நிலையத்துக்கு விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தார். ‘மதிப்பிற்குரிய ஐயா’வுக்குக் கீழே ‘கேஸ் தீர்ந்துபோச்சு’ என்று புடைத்துக்கொண்டிருந்தது. விடுப்பு கிடைத்தது.

இப்படி இருக்கையில்தான் பணிமூப்பின்படி பதிவகத்துக்கு மாற்றல் வந்தது. காலையில் போய் மாலையில் வரும் வேலை. ஆனால் கொஞ்ச காலம் சோதனை முறையில். அது முடியும்போது தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மேலதிகாரி வந்து பதிவேட்டைப் பார்ப்பார். பிடித்தால் நிரந்தரம். பிடிக்காவிட்டால் மறுபடி கிடங்கு, மறுபடி மாலைமுறை, மறுபடி மாடிப்படி. ஆணை வந்த அன்றே மனைவி தன் நிலையத்தில் நேரத்தை மாற்றிக் கேட்டு வாங்கிவிட்டார். சுவரோடு ஒட்டிக் கிடந்த சாப்பாட்டு மேசையைக் கூடத்தின் நடுவுக்கு இழுத்து, எதிரெதிரே இரண்டு நாற்காலி போட்டார்.

“சுவரப் பார்த்துச் சாப்பிட்டது போதும். அந்தச் சுவர்ல எங்க விரிசல் இருக்குன்னு எனக்கு மனப்பாடம். இந்த வேலைய மட்டும் விட்டுடாதீங்க” என்றார்.

“விடறதா? எழுதற வேலை. எனக்கா வராது?”

முதல் பதிவு ஒரு பிறப்பு. குழந்தை ஆண். தகப்பனாரின் பெயரை எழுதி முடிப்பதற்குள் தாளில் ஒரு குளம் வெட்டப்பட்டது.

மைப்பேனாவின் நிப்பு ஒரு சின்னத் தகடு. நடுவில் ஒரு கீறல். கீறலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு கால்கள். கால்கள் ஒட்டியிருக்கும்வரை மை அளவாக இறங்கும். அமுக்கினால் கால்கள் அகலும், மை கொட்டும். இன்னும் அமுக்கினால் அகன்ற கால் அகன்றபடியே நின்றுவிடும், பிறகு மை வரவே வராது. இந்தச் செய்தி கிடங்குக்கு எட்டியிருக்கவில்லை. மை கொட்டியபோது அவர் பயந்து அமுக்கினார். மை வராதபோது கோபத்தில் அமுக்கினார். இரண்டு சூழ்நிலைக்கும் அவரிடம் ஒரே மருந்துதான் இருந்தது.

பதிவேட்டில் மை கொட்டினால் அதைச் சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில் கண்காணிப்பாளர் கையெழுத்திட வேண்டும் என்பது இன்னொரு விதி. மாலைக்குள் அம்மாவுக்குக் கை வலித்தது.

“உங்க பக்கத்துல உங்க எழுத்தைவிட என் கையெழுத்துதான் ஜாஸ்தியா இருக்கு” என்றார்.

“பேனா சரியில்ல மேடம்.”

பக்கத்து மேசையில் முத்திரையை மைத்திண்டில் ஒற்றிக்கொண்டிருந்த முத்திரைக்காரர் நிமிர்ந்தார். பதிவு எழுதி முடிந்ததும் அடியில் முத்திரை குத்துவது அவர் வேலை. வாழ்நாள் முழுவதும் ஒரே வாசகத்தைக் குத்தியவர் என்பதால் பிறர் பேசும் புது வாசகங்களை மறக்கவே மாட்டார்.

“அண்ணே, காலைல பேனா எழுதறதில்ல, கைதான் எழுதுதுன்னீங்க. சாயங்காலம் பேனா சரியில்லங்கறீங்க. எழுதவே எழுதாத பேனா எப்படிண்ணே சரியில்லாமப் போகும்?”

“நீ குத்தறதக் குத்து.”

அன்று மாலையே மூணாம் நகலார் பேனாக் கடைக்குப் போனார். செருப்புக் கடைக்கும் சாவி செய்கிற கடைக்கும் நடுவே, ஒரு ஆள் நுழைந்தால் இன்னொருவர் வெளியே நிற்க வேண்டிய கடை. கடைக்காரர் வாடிக்கையாளரிடம் எதையும் கேட்கிற பழக்கம் இல்லாதவர். ஆளைப் பார்த்தே சொல்லிவிடுவார். வளைந்துபோன அலுவலகப் பேனாவைத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஆளை ஒருமுறை பார்த்தார்.

“உங்களுக்கு வேண்டியது பேனா இல்ல சார், ஆணி” என்று ஒரு கனமான உலோகப் பேனாவை எடுத்து வைத்தார். மெல்லிய முனை, எஃகு நிப்பு. “இத வளைக்கறதுக்கு இன்னொருத்தர் பொறந்து வரணும். நீங்க வளைச்சுட்டா சும்மாவே வேற தரேன்.”

கடைக்காரர் சொன்ன சொல் தவறவில்லை. ஆணி வளையவில்லை. அதற்குப் பதிலாகத் தாள் வளைந்தது. மெல்லிய முனை ஒவ்வொரு சுழியிலும் மேலே ஏறும்போது தாளின் நாரைப் பிய்த்து நிப்பில் மாட்டிக்கொண்டு, அடுத்த எழுத்துகளுக்கெல்லாம் மீசை வரைந்தது. அன்று பிறந்த பெண் குழந்தைகளுக்கும் மீசை. போதாததற்கு, மூடியைக் கழற்றிப் பின்னால் செருகியதும் பேனாவின் வால் கனத்து அவர் கையைப் பின்னோக்கி இழுத்தது. இழுக்க விடுவாரா? இன்னும் இறுக்கிப் பிடித்தார். வழவழவென்று உலோகம் வேறு. வியர்த்த விரல் வழுக்க வழுக்கப் பிடி இறுகியது.

கண்காணிப்பாளர் அம்மா ஒரு தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“இந்தப் பக்கம் நீங்க எழுதிட்டீங்க, சரி. பின்பக்கம் யாரு எழுதறது? கண்ணு தெரியாதவங்க வந்து தடவிப் படிச்சுட்டுப் போகலாம் போல இருக்கே.”

பதிவேட்டில் தாளின் இரண்டு பக்கமும் எழுத வேண்டும். பின்பக்கத்தில் புடைத்து நின்ற முன்பக்கத்தின் மேல் அவர் எழுதியபோது, ஒரு பக்கத்தில் பிறந்தவரும் மறு பக்கத்தில் இறந்தவரும் ஒரே வரியில் முட்டிக்கொண்டார்கள்.

இந்தச் சேதி குடும்பத்துக்குள் பரவி, மச்சினன் காதுக்குப் போனது. மனைவியின் தம்பி. வேலை வங்கியில், வாழ்க்கை பேனாவில். இணையத்தில் பேனாக்காரர்கள் கூடிப் பேசும் குழுக்கள் அத்தனையிலும் உறுப்பினர். ஞாயிற்றுக்கிழமை ஒரு தோல் பெட்டியோடு வந்து, நடுக்கூடத்து மேசையில் உட்கார்ந்து, அதை மருத்துவர் கத்திப் பெட்டியைத் திறப்பதுபோல் திறந்தான்.

“மாமா, நீங்க எழுதலே, குழி தோண்டறீங்க. பேனான்னா தண்ணில படகு போற மாதிரி போகணும். இந்தாங்க. தங்க நிப்பு. வளையும். லேசா அமுக்கினா கோடு தடிக்கும், விட்டா மெலியும். எழுத்துக்கு உயிர் வரும் மாமா.”

“எழுத்துக்கு உயிர் வர்றது இருக்கட்டும். பேனா உசிரோட திரும்பி வருமான்னு யோசிச்சியாடா?” என்றார் அக்கா.

“ஒரு வாரத்துக்குத்தானே குடுக்கறேன்.”

ஒரு வாரம் என்பது தங்கத்தின் மேல் அவன் வைத்திருந்த நம்பிக்கை. திங்கள் காலை ஒரு கல்யாணப் பதிவு. மணமகளின் பெயரில் முதல் எழுத்து தடித்தது, உயிர் வந்தது. இரண்டாம் எழுத்தில் உயிர் பொங்கியது. மூன்றாம் எழுத்தில் தங்கத்தின் இரண்டு கால்களும் ஆளுக்கொரு திசையில் கிளம்பிவிட்டன. பெயரின் பாதி நீல வெள்ளத்தில் மூழ்கியது. மாப்பிள்ளை எட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

“பரவால்லைங்க. அவங்க வீட்டுல என் பேரு கொஞ்சம் கனமா இருக்கறது நல்லதுதான்” என்றாள் மணப்பெண்.

அந்தக் குடும்பம் நன்றாக இருக்கும் என்று முத்திரைக்காரர் அப்போதே கணித்தார். அம்மா வட்டம் போட்டுக் கையெழுத்திட்டார்.

அன்று மாலை மச்சினன் நிப்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தான். துக்க வீட்டில் பேசும் குரலில், “மாமா, வளையும்னுதான் சொன்னேன். இப்படிக் காலை அகட்டி உக்காரும்னு சொல்லலையே” என்றான். பெட்டியை மூடினான். தேநீர் வேண்டாம் என்றான். அவன் தேநீர் வேண்டாம் என்று அந்த வீட்டில் சொன்னது அதுவே முதல் தடவை.

தங்கப் பேனாவுக்குப் பிறகு வேறு வழி இல்லாமல் மறுபடி ஆணி. ஆணியோடு நடந்த போரில் கடைசியாக வீழ்ந்தது கட்டைவிரல். அடிப்பகுதி வீங்கி, தேநீர்க் கோப்பையைக்கூடப் பிடிக்க முடியவில்லை. டாக்டர் அழுத்திப் பார்த்தார்.

“எலும்புக்கு ஒண்ணும் ஆகல. எதப் புடிச்சு இப்படி நசுக்கறீங்க?”

“பேனா டாக்டர்.”

டாக்டர் நம்பாமல் அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி ஆமாம் என்று தலையசைத்தார். விரலைச் சுற்றித் தடித்த கட்டு போடப்பட்டது. கொஞ்ச நாளைக்கு எதையும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது, விடுப்பு எடுத்தால் நல்லது என்றார் டாக்டர். சோதனைக் காலத்தில் விடுப்பு எடுத்தால் சோதனை அத்தோடு முடிந்தது, நேரே கிடங்கு. மேலதிகாரி வரும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர் இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டார். கரண்டி வாய்க்குப் போகும் வழியில் பாதி தட்டுக்கே திரும்பியது.

“நான் ரத்தமெடுக்க ஊசி குத்தறப்ப அமுக்கினா என்ன ஆகும் தெரியுமா?” என்று மனைவி ஆரம்பித்தார். “ரத்தம் வராது, சண்டைதான் வரும். லேசா உள்ள விட்டுட்டுச் சும்மா இருக்கணும். அது தானா வரும்.”

“அது ரத்தம். இது மை.”

“ரெண்டும் தானா வரணும்.”

“உனக்குக் கிடங்கு வேலை தெரியாது. அங்க மூணு தாள். அமுக்கலேன்னா மூணாவதுல ஒண்ணும் விழாது.”

“இங்க எத்தன தாள்?”

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். “ஒண்ணுதான்.”

“அப்ப மத்த ரெண்டு தாள் யாருக்கு எழுதறீங்க?”

சொன்னவர் மனைவி என்பதால் அந்தக் கருத்தை உடனே ஏற்றுக்கொள்ள அவருக்கு வழியில்லை. பரிசீலனையில் வைத்தார். மறுநாள் காலையில் கட்டைவிரல் தன் முடிவைச் சொல்லிவிட்டது: அமுக்கினால் கத்துவேன் என்றது. மனைவிக்குப் பணியாதவர் விரலுக்குப் பணிந்தார்.

பேனாக் கடைக்காரர் விரலில் இருந்த கட்டைப் பார்த்ததும், “இன்னும் கெட்டியா ஒண்ணு வந்திருக்கு சார்” என்றார்.

“வேணாம். எல்லாத்தையும் எடுங்க. நான் எழுதிப் பார்க்கறேன்.”

கடைக்காரரின் வாழ்க்கையில் இது புது அனுபவம். முணுமுணுத்துக்கொண்டே ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். பேனா வாங்குகிறவர்கள் வழக்கமாகத் தங்கள் பெயரை எழுதிப் பார்ப்பார்கள். மூணாம் நகலாரின் கைக்குத் தெரிந்த வாசகம் ஒன்றே ஒன்றுதான்: ‘ஆணி ஒரு பெட்டி, வாளி இரண்டு, துடைப்பம் மூன்று.’ அதையே எழுதினார். அமுக்க வழியில்லாத கை பேனாவைச் சும்மா தாங்கிக்கொண்டிருந்தது. அதனால் ஒவ்வொரு பேனாவும் தன் சுயபுத்தியைக் காட்டத் தொடங்கியது.

மெல்லிய முனை, அமுக்காவிட்டால் எழுதமாட்டேன் என்றது. பெட்டி விழுந்தது, ஆணி விழவில்லை. பட்டை முனை தாராளமாக எழுதியது. அதன் தாராளத்தில் சுழிகள் அத்தனையும் அடைந்து, ‘ஆணி’யும் ‘வாளி’யும் ஒரே சாமானாகிவிட்டன. கிடங்கில் இப்படி எழுதியிருந்தால் வாளிக்குப் பதில் ஆணி போயிருக்கும். சாய்வாக வெட்டிய முனை ஒன்று, மணிக்கட்டைத் திருப்பிப் பிடித்தால்தான் மை தருவேன் என்று அடம்பிடித்தது. ஒரு பேனாவின் உடல் பென்சில்போல் ஒல்லி. கட்டுப் போட்ட விரல் அதைப் பிடிப்பதற்கே இறுக வேண்டியிருந்தது. இன்னொன்றில் சரியாகக் கட்டைவிரல் உட்காரும் இடத்தில் மூடிக்கான திருகு வெட்டியிருந்தார்கள். யாரோ ஒருவர் வேலை மெனக்கெட்டு அதை அங்கே வைத்திருக்கிறார்.

தட்டின் ஓரத்தில் கிடந்தது ஒரு பிளாஸ்டிக் பேனா. பிடிக்கும் இடம் நல்ல பருமன், எடை என்று ஏதும் இல்லை, எஃகில் நடுத்தர முனை. நிறம் மாம்பழமும் இல்லை, மஞ்சளும் இல்லை, விலகி நில் என்று எச்சரிக்கும் ஒரு வண்ணம். மூடியைப் பின்னால் செருகப் போனவர், உலோகப் பேனாவின் வாலை நினைத்து, மேசைமேல் வைத்துவிட்டார். எழுதினார். எந்தச் சத்தமும் இல்லை. எழுதும்போது சத்தம் வராதது அவருக்குச் சந்தேகமாக இருந்தது. எழுதவில்லை போல என்று குனிந்து பார்த்தால், ஆணி, பெட்டி, வாளி, துடைப்பம் அத்தனையும் இருந்தன. சுழிகள் திறந்திருந்தன. மை ஈரமாக, கோடு ஒரே சீராக இருந்தது. தாளைத் திருப்பித் தடவிப் பார்த்தார். பின்பக்கத்துக்குச் செய்தியே போகவில்லை.

“அது ஸ்கூல் பிள்ளைங்க வாங்கறது சார்” என்றார் கடைக்காரர் வருத்தத்தோடு.

“நானும் ஒண்ணாவதுதான். இப்பதான் சேர்ந்திருக்கேன். கட்டிக் குடுங்க.”

கடைக்காரர் கட்டிக் கொடுத்தார். அழியாத மை நிப்புக்குள் காய்ந்து அடைத்துக்கொள்ளும், வாரம் ஒருமுறை தண்ணீரில் அலச வேண்டும் என்பதை மட்டும் சொல்லி அனுப்பினார். அது முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டில் ஒரு கிண்ணத்தில் நீலத் தண்ணீர் நின்றது. “குழந்தையக் குளிப்பாட்டியாச்சா?” என்று மனைவி கேட்பார். “தலைக்கு ஊத்திட்டேன்” என்பார் இவர்.

பதிவகத்தில் வட்டங்கள் குறைந்தன. பிறகு நின்றன. கட்டு அவிழ்த்த பிறகும் கை பழைய வழக்கத்துக்குப் போகவில்லை என்று சொல்வதற்கில்லை. போகும். போனதும் அந்தப் பேனா ஒரு துளி மையைக் கூடுதலாக இறக்கி நினைவூட்டும். உடனே கை தளரும். இப்படி ஒரு பிளாஸ்டிக் பேனாவும் ஒரு மனிதரும் ஒருவரை ஒருவர் சகித்துக்கொண்டு குடித்தனம் நடத்தினார்கள். பேனாவை அவர் சட்டைப் பையில் செருகுவதில்லை. மேசை இழுப்பறையில், ஒரு பழைய துணியில் படுத்திருக்கும்.

“புதுப் பேனாவாண்ணே? எழுத்து ஜோரா இருக்கே” என்றார் முத்திரைக்காரர்.

“கை சரியாயிடுச்சு” என்றார் மூணாம் நகலார்.

அதாவது அதிகாரபூர்வமான நிலைப்பாடு மாறவில்லை. எழுதுவது கை. பேனா சும்மா கூட வருகிறது.

மேலதிகாரி வந்தார். கீழ்த்தளக் கூடத்தில் பொதுமக்கள் உட்காரும் இடத்துக்கு எதிரே பெரிய மேசையில் அமர்ந்து, பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். அம்மாவும் முத்திரைக்காரரும் மூணாம் நகலாரும் இறங்கி வந்து நின்றார்கள். மேலதிகாரி முதல் பக்கங்களைப் புரட்டினார். வட்டங்கள், ஓரங்களில் கையெழுத்துகள், மீசைகள், ஒரு வெள்ளம்.

“இதையெல்லாம் எழுதினது இவரா, நீங்களா?” என்று அம்மாவைக் கேட்டார்.

“அவர்தான் சார். நான் ஓரத்துல மட்டும்.”

பிந்தைய பக்கங்களுக்கு வந்தார். நிறுத்தினார். முன்னால் திருப்பினார், மறுபடி பின்னால் திருப்பினார். சுத்தமான, வட்டமான, ஆழமே இல்லாத எழுத்து. முதல் பக்கங்களுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

“இது வேற ஆளு எழுதினது” என்றார் மேலதிகாரி. “யாரு எழுதிக் குடுத்தாங்க?”

“நான்தான் சார் எழுதினேன்” என்றார் மூணாம் நகலார்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க.” பெஞ்சில் பிறப்புப் பதிவுக்காகக் காத்திருந்த ஒரு தம்பதியைக் கை காட்டினார். “அவங்களக் கூப்பிடுங்க. என் முன்னால ஒரு பதிவு எழுதுங்க. இந்த எழுத்து வந்தா நிரந்தர ஆணைல இப்பவே கையெழுத்துப் போடறேன். வரலேன்னா நீங்க இருந்த எடத்துக்கே போயிடுங்க.” சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்துத் திறந்து நீட்டினார். கறுப்பு உடல், தங்கக் கொக்கி, பதவிக்கேற்ற கனம். “இந்தாங்க.”

அம்மா முன்னெச்சரிக்கையாகத் தன் பேனாவையும் திறந்து, ஓரத்தில் கையெழுத்திடத் தயாராகக் குனிந்தார்.

முத்திரைக்காரருக்கு அந்த நேரத்தில் உண்மையிலேயே உதவி செய்யும் எண்ணம் வந்துவிட்டது. “அண்ணனுக்கு எந்தப் பேனாவும் ஒண்ணுதான் சார்” என்றார். “கைதான் எழுதுதும்பார். துடைப்பக் குச்சில கூட எழுதுவார்.”

“அப்படியா? ரொம்ப நல்லது. எழுதட்டும்.”

மூணாம் நகலார் பேனாவை வாங்கினார். கனத்தை ஒருமுறை உள்ளங்கையில் பார்த்தார். கட்டைவிரலைப் பிடிக்கும் இடத்தில் வைத்துப் பார்த்தார். தாளில் வைக்கவில்லை. மூடியை எடுத்து மூடி, இரண்டு கையாலும் மேலதிகாரியிடம் திருப்பிக் கொடுத்தார்.

“மன்னிக்கணும் சார். என் பேனா மேல இருக்கு. எடுத்துட்டு வந்துடறேன்.”

மேலதிகாரி நிமிர்ந்தார். “இதுக்கு என்ன குறை? நல்ல பேனா.”

“நல்ல பேனாதான் சார். இதுல எழுதினா நீங்க முதல்ல பார்த்தீங்களே, அந்த எழுத்துதான் வரும்.”

முத்திரைக்காரர் வாயைத் திறந்து, அம்மாவைப் பார்த்து, மூடிக்கொண்டார். மேலதிகாரி போகச் சொல்லவும் இல்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. மூணாம் நகலார் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு படியேறினார். கூடம் முழுக்கக் காத்திருந்தது. பெஞ்சிலிருந்து வந்து நின்ற தாய் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

கொஞ்சம் மூச்சு வாங்க இறங்கி வந்தார். கையில் அந்த எச்சரிக்கை வண்ணப் பேனா. மேலதிகாரியின் புருவம் ஏறியது. மூணாம் நகலார் உட்கார்ந்து, மூடியைக் கழற்றி மேசைமேல் வைத்து, தோளை ஒருமுறை தளர்த்திக்கொண்டு எழுதத் தொடங்கினார். மேசை ஆடவில்லை. குழந்தை பெண். தாயின் பெயர் முடிந்து தகப்பனின் பெயருக்குப் போகும்போது கண்காணிப்பாளர் அம்மா தன் பேனாவை மூடி, கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

மேலதிகாரி கடைசி வரியையும் தான் சந்தேகப்பட்ட பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கறுப்புப் பேனாவைத் திறந்து ஆணையில் கையெழுத்திட்டார். மூணாம் நகலார் அதைப் பார்க்கவில்லை. அவர் தன் பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.